வலிப்பு உள்ளவருக்கு ஊசி கூடாதா?

நாய் கடித்து மூன்றாம் நாள் அந்தப் பையனை என்னிடம் அழைத்து வந்தார்கள். வயது 23. ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. இரவு வேலை முடிந்து 90 அடி ரோட்டில் நடந்து வரும்போது கெண்டைக்காலில் நாய் கவ்விவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பித் துணியால் கட்டியிருந்தார்கள்.

"ஊசி போட்டாயா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். கூட வந்த சித்தப்பாதான் பதில் சொன்னார்:

"அவனுக்குச் சின்ன வயசிலேருந்து இழுப்பு உண்டு அண்ணாச்சி. நாய்க்கடி ஊசி மூளைக்கு ஏறிரும், இழுப்பு உள்ளவன் தாங்க மாட்டான்னு பெரியவங்க சொல்லுதாவ. அதான் யோசிச்சிக்கிட்டு இருக்கோம்."

மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்! வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு அதற்கு மருந்தே கிடையாது. உலகம் முழுவதும் கணக்கெடுத்தாலும் பிழைத்தவர்கள் மிகச் சிலர்தான். அன்றைக்கே கட்டை அவிழ்த்து, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவைத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். தாமதமானாலும் ஊசியை விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கடி ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றினார்கள்.

நான் டாக்டர் அல்ல. 30 வருடங்களாக இந்த நகரத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். இந்தியோ மராத்தியோ சரியாக வராத நம்மவர்கள் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவேன். அப்படிப் போய் வரிசையில் நின்றதிலும், டாக்டர்களிடம் கேட்டதிலும் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது?

அந்தச் சித்தப்பாவை நான் திட்டவில்லை. அவர் சொன்னது வெறும் கட்டுக்கதை அல்ல. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது.

நம் தகப்பனார் காலத்து நாய்க்கடி ஊசியை நினைத்துப் பாருங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. 1911-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற வெள்ளைக்கார டாக்டர் கண்டுபிடித்த மருந்து அது. ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, அந்த மூளையை அரைத்து, பினாயில் வகை மருந்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்தார்கள். நம் நீலகிரிக் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையமும் பல்லாண்டுகள் இதைத் தயாரித்தது. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் அதில் ஆட்டு மூளையின் திசு இருந்ததால், ஊசி போட்டவர்களில் சிலருக்கு உடம்பு தன் நரம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கியது. கை கால் விழுந்தது. சிலர் இறந்தும் போனார்கள். டாக்டர்கள் இதை மறைக்கவில்லை. ஆராய்ந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த ஊசி இன்று கிடையாது. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது ஆய்வுக்கூடத்தில் செல்களில் வளர்த்துத் தயாரிப்பது. அதில் மூளைத் திசு இல்லை. தொப்புளில் அல்ல, புஜத்தில் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் 4 தவணை, தசையில் போட்டால் 5 தவணை. வலிப்பு இருப்பவரும் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணியும் போட்டுக்கொள்ளலாம்.

மருந்து மாறிவிட்டது. மாறிய செய்தி வந்து சேரவில்லை. ஊரில் தாத்தா சொன்ன எச்சரிக்கை நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி மும்பைக்கு வந்தது. 20 வருடங்களுக்கு மேலாகியும் அதை மாற்றிச் சொல்ல ஒருவரும் வரவில்லை. இதில் குற்றம் சித்தப்பாவுடையது மட்டும்தானா?

காய்ச்சலும் வலிப்பும்

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு பயம் இருக்கிறது. ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது, காய்ச்சல் வந்தால் சில குழந்தைகளுக்கு வலிப்பு வருகிறது. இது கண்ணால் பார்ப்பது. இல்லை என்று சொல்லித் தாயை ஏமாற்ற முடியாது. தட்டம்மை ஊசி போட்டால் ஒரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் காணலாம். ஆனால் அந்தக் காய்ச்சல் வலிப்பு அநேகமாகச் சில நிமிடங்களில் நின்றுவிடும், மூளையைக் கெடுக்காது. எந்த நாளில் காய்ச்சல் வரலாம் என்று முன்பே கேட்டுக்கொண்டு, காய்ச்சல் மருந்தைக் கையில் வைத்திருந்து, அன்றாட வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் கொடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

படித்த நாடுகளிலும் இந்தப் பயம் ஆட்டிப்படைத்தது உண்டு. 1974-ல் லண்டன் டாக்டர்கள் சிலர், கக்குவான் இருமல் சேர்ந்த முத்தடுப்பு ஊசிக்குப் பிறகு 36 குழந்தைகளுக்கு மூளை நரம்புக் கோளாறு கண்டதாக எழுதினார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் அதைப் பெரிதுபடுத்தின. பிரிட்டனில் 100-க்கு 80 குழந்தைகள் போட்டுக்கொண்டிருந்த ஊசியைச் சில வருடங்களில் 30 பேர்தான் போட்டுக்கொண்டார்கள். விளைவு, 1977 முதல் 1979 வரை லட்சம் பேருக்கு மேல் கக்குவான் இருமல்.

2006-ல் ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிக் என்ற நரம்பியல் டாக்டரின் குழு ஒரு வேலை செய்தது. ஊசியால் மூளை கெட்டது என்று நம்பப்பட்ட 14 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. அவர்களில் 11 பேருக்குப் பிறவியிலேயே மரபணுவில் பழுது இருந்தது. ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அவர்களுக்கு வலிப்பு நோய் வந்திருக்கும். ஊசிக் காய்ச்சல் அதை முதன்முதலாக வெளியே காட்டியது, அவ்வளவுதான். அந்தப் பெற்றோர்கள் எத்தனை வருடம் 'நாமே கொண்டுபோய்ப் போட்டோமே' என்று உள்ளுக்குள் வெந்திருப்பார்கள்!

எல்லா ஊசியும் எல்லோருக்கும் ஆகும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1976-ல் பன்றிக் காய்ச்சலுக்கு அவசரமாக ஊசி போட்டபோது, லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன்-பாரே என்ற நரம்புத் தளர்வு நோய் கூடுதலாகத் தெரிந்தது. 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்ட பிறகு அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் 200 பேருக்கு மேல் தாக்கியதும் இதே நோய்தான். ஆனால் அங்கே காரணம் ஊசி அல்ல, அசுத்தமான தண்ணீரில் வந்த கிருமி. கட்கியிலும் பிம்பிரியிலும் இருக்கும் நம்மவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். அந்த நோய் ஒருமுறை வந்தவர், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். தசைச் சோர்வு நோய்க்கோ நரம்பு உறை அழற்சிக்கோ ஸ்டீராய்டு மாதிரியான மருந்தை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு, உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகள் ஆகாது. மற்றவை ஆகும். எது எந்த வகை என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்லவேண்டும். ஊசி போட்டபின் மூளை பாதித்து நினைவு தப்பிய குழந்தைக்கு அதே ஊசியை மறுபடி போடக் கூடாது என்பதும் மருத்துவ விதியிலேயே உள்ளது. கட்டுக்கு வந்த சாதாரண வலிப்பு இந்தத் தடைகளில் சேராது.

இனி, ஊசியை மறுத்தால் வருவதைப் பார்ப்போம். தட்டம்மையை ஊரில் மணல்வாரி என்போம். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது என்று நினைக்கிறோம். சில குழந்தைகளுக்கு அந்தக் கிருமி போகாமல் மூளைக்குள் ஒளிந்துகொள்கிறது. 6 வருடமோ 10 வருடமோ கழித்து, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் பாடத்தை மறக்கிறான், கையில் இருக்கும் டம்ளரை நழுவவிடுகிறான், உடம்பு திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது. பிறகு படுக்கை. பெரும்பாலும் சில வருடங்களில் முடிவு. டாக்டர்கள் இதை எஸ்.எஸ்.பி.இ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இரண்டு வயதுக்கு முன் அம்மை கண்ட குழந்தைகளுக்கு அபாயம் அதிகம். மூளைக்குப் பயந்து ஊசியைத் தவிர்த்தால், அந்த மூளைக்கே இப்படி ஒரு ஆபத்து காத்திருக்கிறது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டபோது, அது ஆபத்தானது என்று செல்போனில் வதந்தி பரவியது. அது நம் சால்களுக்கும் வந்தது. 2022 அக்டோபர், நவம்பரில் மும்பை கோவண்டியில் தொடங்கிய தட்டம்மை பல பேட்டைகளுக்குப் பரவிப் பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன ஊசிகள் அதற்கு ஒரு காரணம். பாதி ஊரிலும் பாதி இங்குமாக வளரும் குழந்தைக்கு எந்த ஊசி போட்டது, எது போடவில்லை என்று தாய்க்கே தெரியாததும் ஒரு காரணம். ஊசி அட்டை ஊரில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது!

ஏழைக்கு ஒரு வரிசை

பயத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பேச்சுதான். எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு விஷயத்தில்.

வலிப்பு நோயாளிகள் உலகத்தில் சுமார் 5 கோடி. அதில் 100-க்கு 80 பேர் நம்மைப்போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்குக் குறையாது. முறையாக மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 70 பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரைகளும் தங்கபஸ்பம் அல்ல. பீனோபார்பிட்டோன், பெனிடாயின், கார்பமசெபின், வால்புரோயேட் எல்லாம் அவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஆனாலும் ஏழை நாடுகளில் நாலில் மூன்று பேருக்கு உரிய சிகிச்சை இல்லை.

மும்பையில் இருப்பவனுக்கு என்ன குறை என்பீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, கெட்டிக்கார டாக்டர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் நரம்பு டாக்டர் பார்ப்பது வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில். விடியற்காலையில் போய்க் கேஸ் பேப்பர் வரிசை, பிறகு டாக்டர் வரிசை, பிறகு மருந்து வரிசை. தினக்கூலிக்காரனுக்கு அன்றைய கூலி போச்சு. உள்ளே போனால் மூன்று நிமிடம். அதற்குள் இவன் தமிழை இந்தியாக்கி, இந்தியை வாய்க்குள் விழுங்கி, "டீக் ஹை" என்று சொல்லி வெளியே வந்துவிடுகிறான். வலிப்பு என்பதை வலி என்று மாற்றி "தர்த்" என்று சொன்ன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். மூன்று மாதம் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (இந்தியில் 'மிர்கி', மராத்தியில் 'அபஸ்மார்'. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.) ஊசி பற்றிய சந்தேகத்தைக் கேட்க அந்த மூன்று நிமிடத்தில் இடம் ஏது?

காசு உள்ளவன் தனி டாக்டரிடம் போகிறான். "எனக்கு இந்த ஊசி ஆகுமா டாக்டர்?" என்று தன் பாஷையில் கேட்கிறான். டாக்டரும் நாற்காலியில் சாய்ந்து பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒருவனுக்குப் பதில் கிடைக்கிறது, இன்னொருவனுக்கு வதந்திதான் கிடைக்கிறது.

சர்க்கார் கணக்கிலும் இவர்கள் எளிதில் விட்டுப்போகிறார்கள். 2021 மார்ச் 1 முதல் 45 வயதிலிருந்து 59 வயது வரை உள்ள நோயாளிகளுக்குக் கொரோனா ஊசியில் முன்னுரிமை கொடுத்தார்கள். அதற்கு 20 வகை நோய்களின் பட்டியல் வந்தது. இருதயம் இருந்தது, சிறுநீரகம் இருந்தது, புற்றுநோய் இருந்தது. வலிப்பு இல்லை. பார்க்கின்சன் நடுக்கம் இல்லை. பக்கவாதம் இருந்தது, ஆனால் ஸ்கேன் சான்றும் வேண்டும், கூடவே ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருக்கவேண்டும்! பட்டியலில் இல்லாததைப் பார்த்து, 'நமக்கு ஊசி ஆகாதுபோல, அதனால்தான் எழுதவில்லை' என்று அர்த்தம் செய்துகொண்டவர்களை நானே பார்த்தேன். வலிப்பு நோய் டாக்டர்களின் உலகச் சங்கம், வலிப்பைக் காரணம் காட்டி ஊசியை நிறுத்தவேண்டாம் என்று அப்போதே அறிவித்திருந்தது. அது யார் காதில் விழுந்தது?

வருடம் முழுவதும் மாத்திரைக்கு நாயாய் அலையவிட்டுவிட்டு, ஒரு நாள் மட்டும் வாசலுக்கு வந்து "இலவசம், கையை நீட்டு" என்றால் ஏழைக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஊசியை மறுக்கிறவனை 'அறியாமை' என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கும் அதிகாரிகள், அவனுடைய மாத்திரைச் சீட்டை ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும்.

ஒளித்து வைக்கும் நோய்

நம்மிடமும் ஒரு தப்பு இருக்கிறது. வலிப்பை ஒளிக்கிறோம். பட்டறை முதலாளிக்குத் தெரிந்தால் மிஷினிலிருந்து எடுத்துவிடுவார். சாலில் தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது. வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யும் பிரிவு 1999-ல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மனத்திலிருந்து நீங்கவில்லை. ஊசி போடும் இடத்தில் "ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டால், பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து "இல்லை" என்கிறோம், அல்லது வரிசையைவிட்டே நழுவுகிறோம்.

இதோடு ஊர்ப் பயணம் வேறு. ஒன்றரை நாள் ரெயில், தூக்கம் கிடையாது. தூக்கம் கெட்டாலே சிலருக்கு வலிப்பு வரும். எடுத்துப்போன மாத்திரை கோடை லீவின் நடுவில் தீர்ந்துபோகிறது. அங்கே வேறு கம்பெனி மாத்திரை, வேறு நிறம். சந்தேகப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாரம் ஊசியும் போட்டு, வலிப்பும் வந்துவிட்டால் பழி யார் மேல் விழும்? ஊசி மேல்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. நரம்புப் பிரிவு டாக்டர், கேஸ் பேப்பரின் ஓரத்தில் 'இவருக்கு இன்ன ஊசி போடலாம், இன்னது கூடாது' என்று ஒரு வரி எழுதித் தரட்டும். டாக்டர் கையெழுத்துள்ள அந்தச் சீட்டு, நூறு வதந்தியை அடக்கும். தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா போன்ற இடங்களில் மாநகராட்சி ஒட்டும் ஊசி நோட்டீசில் நாலு வரி தமிழும் இருக்கட்டும். தேர்தல் நோட்டீசுக்குத் தமிழ் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்காதா?

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்கு ஊரிலிருந்து நடிகரை வரவழைக்கிறோம். தப்பில்லை. அதோடு, இந்தி நன்றாகத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை நரம்பு டாக்டர் பார்க்கும் நாளில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள். ஊரில் கிடக்கும் ஊசி அட்டைகளைப் போட்டோ எடுத்துச் செல்போனில் அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு வருவோம். நாலாவது தவணைக்கு நானும் கூடப் போனேன். மூன்று தவணையிலும் வலிப்பு வரவில்லை. ஊசி அறையில் நர்ஸ் வழக்கம்போல "வேறு வியாதி உண்டா?" என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "மிர்கி ஹை, தவா லேதா ஹூம்" என்றான். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.